அகமும் புறமும்: கெடா தோட்டப்புறக் குடும்ப நிழற்படங்கள் குறித்து ஒரு திறனாய்வு

முன்னுரை

மலேசியத் தமிழர் வாழ்வை ஆராயப் புகுவோர் பெரும்பாலும் எழுத்துச் சான்றுகளையே நாடுகின்றனர். குடிபெயர்வு அறிக்கைகள், தொழிலாளர் துறை ஆவணங்கள், நாளிதழ்கள், சிறுகதைகள், நாவல்கள் ஆகியவற்றோடு தோட்டப்புற வாய்மொழிப் பாடல்களும் ஆய்வுப் பொருளாக ஏற்கப்பட்டுள்ளன. குடும்ப நிழற்படங்களோ இவ்வரிசையில் இன்னும் உரிய இடத்தைப் பெறவில்லை. ஆண்டு மலர்களிலும் கருத்தரங்க வெளியீடுகளிலும் அவை அட்டையை அழகு செய்யவே பயன்படுகின்றன. கட்டுரையின் கருத்துக்கு ஏற்ப ஒரு பழைய படம் தேர்ந்தெடுக்கப்படுகிறது. அதில் இருப்பவர் யார், எந்தத் தோட்டம், யார் எடுத்தது என்பன கேட்கப்படுவதில்லை.

இக்கட்டுரை இரண்டு வினாக்களை முன்வைக்கிறது. ஒரு குடும்பப் படத்தை நல்ல படம் என்று சொல்ல வைப்பது எது என்பது முதல் வினா. அப்படம் குடும்பத்தைக் கடந்து பிறரோடு பகிரப்படும்போது அதற்கு என்ன நேர்கிறது என்பது இரண்டாவது. சுங்கை பட்டாணி, பீடோங், கூலிம், பாடாங் செராய், லூனாஸ் வட்டாரங்களில் வாழ்ந்த தோட்டத் தமிழ்க் குடும்பங்களின் படங்கள் இதற்குக் களமாகின்றன. தமிழ்ச் செய்யுள் மரபு வகுத்த முதல், கரு, உரி என்னும் பொருட்பகுப்பும், அகம், புறம் என்னும் பகுப்பும் இப்படங்களை வாசிக்கத் துணை செய்கின்றன. மேலைநாட்டு நிழற்படக் கொள்கைகளில் சில இவற்றோடு ஒப்பிட்டு நோக்கப்படுகின்றன.

இடம் உண்டு, பெயர் இல்லை

தோட்டத் தமிழரைப் படம் பிடித்த முதல் கருவிகள் அவர்களுடையன அல்ல. சிங்கப்பூரில் தொழில் நடத்திய லாம்பர்ட் நிறுவனமும், மேடானைத் தளமாகக் கொண்ட கிளைங்குரோத்தாவும் எடுத்த படங்கள் இவ்வகையில் குறிப்பிடத்தக்கவை. கிளைங்குரோத்தாவின் மலாய்த் தீபகற்பம் பற்றிய படத்தொகுப்பு 1907-இல் வெளிவந்தது. கெடா 1909-ஆம் ஆண்டு பாங்காக் உடன்படிக்கையின் வழியாகவே பிரிட்டிஷாரின் ஆதிக்கத்திற்குள் வந்தது. அதன் பின்னர் இங்கு ரப்பர் தோட்டங்கள் பெருகின. ஆயினும் தோட்டத்தை எவ்வாறு படம் பிடிப்பது என்னும் இலக்கணம் அதற்கு முன்பே உருவாகிவிட்டது.

அவ்விலக்கணத்தில் மரங்களே தலைமை பெறுகின்றன. நேர்கோட்டில் நிரையாக நிற்கும் மரங்கள் தொலைவில் ஒரு புள்ளியில் சென்று கூடுகின்றன. பால் வெட்டும் தொழிலாளி மரத்தின் உயரத்தைக் காட்டும் அளவுகோலாக ஓரிடத்தில் நிறுத்தப்படுகிறார். படத்தின் கீழே எழுதப்படும் குறிப்பு இனத்தையும் தொழிலையும் சொல்லும், பெயரைச் சொல்லாது. முதலீட்டாளருக்குக் காட்டுவதற்கென எடுத்த படத்தில் இது எதிர்பார்க்கத்தக்கதே. இப்படங்கள் கைத்திறன் மிக்கவை. ஒளியும் ஆழமும் நன்கு அமைந்தவை. எனினும் அதில் நிற்பவரின் பேரன் அதனைக் கண்டாலும் தன் பாட்டன் என்று அறிய வழியில்லை. செய்யுள் மரபின் சொற்களில் கூறுவதாயின், இவற்றில் முதற்பொருளாகிய நிலம் இருக்கிறது. கருப்பொருளாகிய மரமும் தொழிலும் இருக்கின்றன. உரிப்பொருளாகிய மனித உறவு இல்லை.

உறவு உண்டு, இடம் இல்லை

இதற்கு நேர் எதிரானது பட்டணத்து ஸ்டூடியோவில் எடுத்த படம். சம்பள நாளை அடுத்தோ தீபாவளியை ஒட்டியோ குடும்பம் பட்டணத்திற்குச் செல்லும். பெரும்பாலும் சீனர் நடத்திய ஸ்டூடியோக்களில், வரைந்த திரைச்சீலையின் முன் நின்று படம் எடுத்துக்கொள்ளும். திரையில் மாளிகைப் படிக்கட்டோ பூங்காவோ ஏரியோ தீட்டப்பட்டிருக்கும். ஆடவர் கைக்கடிகாரம் தெரியுமாறு முழங்கையை மடக்கிக்கொள்வர். பெண்கள் பட்டுச்சேலையின் முந்தானையை விரித்துவிடுவர். குழந்தை ஒரு முக்காலியின் மீது நிறுத்தப்படும். பூப்பெய்திய பெண்ணைக் கண்ணாடியின் முன் நிறுத்தி, முகமும் பின்னலில் தைத்த பூவும் ஒரே படத்தில் தெரிய எடுக்கும் தமிழகத்து ஸ்டூடியோ மரபும் இவ்வகையைச் சார்ந்ததே. கணவன் மனைவியருள் ஒருவர் இணைந்து படம் எடுக்குமுன் இறந்துபோயிருந்தால், அவரது தனிப்படத்திலிருந்து முகத்தை எடுத்து உயிரோடு இருப்பவரின் அருகே பொருத்தித் தரும் வழக்கமும் உண்டு.

இப்படங்களில் உரிப்பொருள் தெளிவாக இருக்கிறது. யார் அமர்வது, யார் நிற்பது, யார் தோளில் யார் கை வைப்பது என்பன குடும்ப முறைமையைப் பேசுகின்றன. ஆயின் நிலம் முற்றிலும் விலக்கப்பட்டுள்ளது. லயத்து வீடு, ஆயாக்கொட்டகை, பெரட்டுக் களம், காண்டா வாளி ஆகிய எவற்றிற்கும் அங்கே இடமில்லை.

இதனை வெறும் போலி வாழ்வு என்றும், துரைமாரைப் பார்த்துச் செய்த நடிப்பு என்றும் கூறுவோர் உளர். அக்கூற்று மறுபரிசீலனைக்கு உரியது. பிரெஞ்சுத் திறனாய்வாளர் ரோலான் பார்த், நிழற்படம் பற்றி 1980-இல் வெளியிட்ட தம் நூலில், அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர் ஜேம்ஸ் வான் டெர் ஸீ 1926-இல் எடுத்த குடும்பப் படம் ஒன்றை ஆராய்கிறார். நல்லுடை உடுத்தி நிற்கும் அக்குடும்பத்தில் வெள்ளையரைப் போல் உயர முயலும் முயற்சியையே அவர் முதலில் காண்கிறார். பின்னர், தம்மை உண்மையில் தைத்தது அப்பெண்ணின் கழுத்தணியே என்கிறார். அதனைப் பின்னிய பொற்சரடு என்று நினைவிலிருந்து எழுதுகிறார். படத்தில் இருப்பதோ முத்துமாலை. பொற்சரடு பார்த்தின் சொந்த அத்தை அணிந்திருந்தது. படத்தில் நிற்போர் அக்கலைஞரின் உறவினர் என்பதும் பின்னர் சுட்டிக்காட்டப்பட்டது.

இந்நிகழ்வு நமக்கு இரண்டு செய்திகளைத் தருகிறது. பிறர் குடும்பப் படத்தைப் பார்ப்பவர் தம் வீட்டு நினைவையே அதில் ஏற்றிக் காண்பர் என்பது ஒன்று. நல்லுடையைப் போலச் செய்தல் என்று ஒதுக்குபவர், அதை உடுத்தியவர் யாருக்குக் காட்ட உடுத்தினார் என்று கேட்பதில்லை என்பது மற்றொன்று. கெடா தோட்டத்திலிருந்து ஸ்டூடியோவுக்குச் சென்றவர் துரைக்குக் காட்டுவதற்காகச் செல்லவில்லை. அப்படத்தின் ஒரு படி கடிதத்தோடு தமிழகத்து ஊருக்குச் சென்றது. 1926 முதல் 1970-களின் தொடக்கம் வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு வழியில் ஓடிய ரஜூலா போன்ற கப்பல்களே அஞ்சலையும் ஆட்களையும் சுமந்தன. ஊரில் விட்டுவந்த தாய்க்கு, மகன் உடல்நலத்தோடு இருக்கிறான், மருமகள் கழுத்தில் தாலி இருக்கிறது, பேரன் நிற்கும் அளவுக்கு வளர்ந்திருக்கிறான் என்று சொல்வதே அதன் பணி. லயத்தின் தகரக் கூரையையும் சாக்கடையையும் அத்தாய்க்குக் காட்ட வேண்டாம் என்று அவர்கள் எண்ணினர். திரைச்சீலை மறைத்தது அதைத்தான். அதனைப் பொய் என்பதைவிட, கடிதத்தில் துன்பத்தை எழுதாமல் விடும் பிள்ளையின் நாகரிகம் என்று கொள்வதே பொருந்தும்.

முகம் உண்டு, உறவு இல்லை

மூன்றாவது வகை அரசு எடுத்த படம். 1948 சூன் திங்களில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டதைத் தொடர்ந்து மலாயாவில் தேசியப் பதிவு தொடங்கியது. 12 வயதும் அதற்கு மேலும் உள்ள அனைவரும் நிழற்படமும் கட்டைவிரல் ரேகையும் பதித்த அடையாள அட்டை வைத்திருக்க வேண்டும் என்பது விதி. ஸ்டூடியோவுக்குச் செல்ல வசதியோ வாய்ப்போ இல்லாதிருந்த தோட்டத்து முதியோர் பலருக்கும் பெண்கள் பலருக்கும் அதுவே வாழ்நாளின் முதற்படமாக அமைந்தது. நேராக நோக்கும் முகம், வெற்றுப் பின்னணி, அருகில் எவரும் இல்லை. இதில் நிலமும் இல்லை, கருப்பொருளும் இல்லை, உறவும் இல்லை. ஆயினும் மூவகையுள் பெயர் உறுதியாக இணைக்கப்பட்டது இது ஒன்றில்தான்.

இப்படத்திற்குப் பிற்காலத்தில் நேர்ந்த மாற்றம் கருதத்தக்கது. இறந்தவருக்கு வேறு படம் இல்லாதபோது அடையாள அட்டையின் சிறுபடமே பெரிதாக்கப்பட்டு, வண்ணம் தீட்டப்பட்டு, சட்டமிட்டு, மாலையும் பொட்டும் இடப்பட்டு, வீட்டு முன்கூடத்தில் மாட்டப்பட்டது. கண்காணிப்புக்காக எடுத்த படம் வழிபாட்டுக்கு உரியதாயிற்று. படத்தின் பொருளைப் படம் மட்டும் தீர்மானிப்பதில்லை. அதனைக் கையாள்வோர் தீர்மானிக்கின்றனர் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

லயத்து வாசற்படி

மேற்கண்ட மூன்றும் ஒவ்வொரு வகையில் குறையுடையன. முதல், கரு, உரி மூன்றும் ஒருங்கே கூடும் படங்கள், விலை குறைந்த கைக்கருவிகள் தோட்டத்திற்குள் வந்த பின்னரே தோன்றின. கோடாக் நிறுவனம் 1900-இல் ஒரு டாலர் விலையில் பிரௌனி கருவியை வெளியிட்டது. அவ்வகைப் பெட்டிக் கருவி முதலில் துரையிடமும் கிராணியிடமும் இருந்தது. தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் பட்டண வேலைக்குச் சென்று சம்பாதிக்கத் தொடங்கிய பின்னர் அவர்கள் கைக்கும் வந்தது.

இப்படங்களைத் திறனாயுமுன் அவற்றின் தொழில்நுட்பத்தை அறிதல் இன்றியமையாதது. எளிய கருவிகளின் ஒளித்துளை மாறாதது. பிலிமும் மெதுவாகவே ஒளியை ஏற்பது. ஆகவே நல்ல வெயில் தேவைப்பட்டது. சூரியன் படம் எடுப்பவரின் முதுகுப்புறம் இருக்க வேண்டும் என்பது அக்கருவிகளோடு வந்த பொது அறிவுரை. இதன் விளைவுகள் மூன்று. முதலாவது, எதிரே நிற்போர் வெயிலை நோக்கிக் கண்ணைச் சுருக்கினர். இரண்டாவது, எடுப்பவரின் நிழல் படத்தின் அடிப்பகுதியில் விழுந்தது. மூன்றாவது, விடியற்காலை வாழ்க்கை படத்தில் ஏறவே இல்லை.

மூன்றாவது விளைவு முதன்மையானது. குளிர்ந்த வேளையில்தான் மரத்தில் பால் நன்கு வடியும். அதனால் தொழிலாளர் இருட்டிலேயே எழுந்து, பெரட்டுக்குச் சென்று, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்தடிக்குப் போயினர். தோட்ட வாழ்வின் மையமான அந்நேரத்தை எளிய கருவியால் பிடிக்க இயலாது. குடும்பத் தொகுப்புகளில் நாம் காண்பது திருவிழா, திருமணம், காதுகுத்து, பள்ளி விளையாட்டுப் போட்டி, ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல் ஆகியனவே. அவற்றைக் கொண்டு தோட்ட வாழ்வு இனிமையானது என்று முடிவு செய்வது தவறு. சுருங்கிய கண்களைக் கண்டு தலைமுறைத் துயரம் முகத்தில் தேங்கியுள்ளது என்று எழுதுவதும் அதே அளவு தவறு. துயரம் இருந்ததை மறுப்பதற்கில்லை. அதற்குச் சான்று வேறிடத்தில் தேடப்பட வேண்டும். கண் சுருங்கியதற்குக் காரணம் வெயில்.

எடுத்துக்காட்டாக, பீடோங் வட்டாரத்துக் குடும்பம் ஒன்று காத்து வைத்திருக்கும் கறுப்பு வெள்ளைப் படத்தை நோக்கலாம். லயத்து வீட்டின் படியில் தாய் அமர்ந்திருக்கிறார். பள்ளிச் சீருடையில் இரு மகன்கள் இருபுறமும் நிற்கின்றனர். தந்தை ஓர் அடி தள்ளி, கைகளை எங்கே வைப்பது என்று அறியாதவராய் நிற்கிறார். சுவரில் காண்டாக் கம்பு சாய்த்து வைக்கப்பட்டுள்ளது. பின்னே கதவு பாதி திறந்திருக்கிறது. உள்ளே இருளில் ஒரு பெண்பிள்ளையின் பாதி முகம் தெரிகிறது. படத்தின் அடியில் எடுப்பவரின் தலையும் முழங்கையும் நிழலாக விழுந்துள்ளன.

பட ஒழுங்கு அறிந்தவர் இதில் பல குறைகளைச் சுட்டுவர். தந்தை ஓரத்தில் வெட்டுப்படும் நிலையில் இருக்கிறார், சட்டகம் சற்றே சாய்ந்துள்ளது, நிழல் விழுந்துவிட்டது. எனினும் இக்குடும்பத்தின் ஏனைய படங்கள் ஒதுக்கி வைக்கப்பட, இதுவே மீண்டும் மீண்டும் எடுத்துக் காட்டப்படுகிறது. காட்டுவோர் முதலில் விரல் வைப்பது கதவின் பின்னுள்ள பெண்பிள்ளையின் மீது. அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்ததால் வெளியே வர இயலாமல் எட்டிப் பார்த்தவர் அவர். அடுத்துச் சுட்டுவது நிழலை. அது கருவியை இரவல் வாங்கி வந்த தாய்மாமனுடையது. அவர் இருக்கும் படம் வேறு இல்லை.

இதிலிருந்து நல்ல குடும்பப் படத்தின் இயல்புகள் சிலவற்றை வகுத்துக்கொள்ளலாம். முதலாவது, உறவு உடல்களுக்கு இடையிலுள்ள தொலைவாலும் தொடுகையாலும் தெரிய வேண்டும். தந்தை தள்ளி நிற்கும் ஓரடி, அக்காலத் தோட்டக் குடும்பத்தின் முறைமையை விளக்க உரை இன்றிக் காட்டுகிறது. இரண்டாவது, அழைக்கப்படாத பொருளொன்று இடம்பெற வேண்டும். காண்டாக் கம்பை யாரும் காட்டுவதற்கென வைக்கவில்லை. அதனாலேயே அது தொழிலுக்கு நம்பத்தக்க சான்றாகிறது. மூன்றாவது, கோலத்திற்குள் அடங்காத ஒருவரோ ஒரு செயலோ இருக்க வேண்டும். எல்லாரும் படத்திற்காக நிற்க, வேலையிலிருந்து எட்டிப் பார்க்கும் பெண்பிள்ளை அந்த வீட்டில் உழைப்பு எவர் மீது விழுந்தது என்பதைச் சொல்கிறார். நான்காவது, எடுத்தவரும் படத்தில் ஏதோ ஒரு வகையில் இருக்க வேண்டும். நிழலாக இல்லாவிடினும், எதிரே நிற்பவர் முகத்தில் தோன்றும் நகைப்பாகவோ நாணமாகவோ அவர் இருப்பார். அந்நியர் எடுத்த படத்தில் இவ்வியல்பு காணப்படுவதில்லை.

இந்நான்கும் இருந்தால் மட்டும் போதுமா எனின், போதாது. அப்பெண்பிள்ளை யார், அந்நிழல் யாருடையது என்பதைச் சொல்ல ஒருவர் வேண்டும். தமிழ் இலக்கணம் சுட்டு என்று கூறுவது இங்குப் பொருந்தும். 'இவர்', 'அவர்' என்னும் சொற்கள் சொல்பவர் அருகில் இருந்தால்தான் பொருள் தரும். நிழற்படமும் அத்தகைய சுட்டே. பார்த்தும் நிழற்படத்தின் இயல்பைச் சுட்டிக் காட்டுதலோடு ஒப்பிடுகிறார். ஆனால் அவர் தனியே அமர்ந்து படத்தை நோக்கும் வாசகரையே எண்ணுகிறார். நம் வீடுகளிலோ படத்தொகுப்பை ஒருவர் மடியில் வைத்திருக்க, மற்றவர் சுற்றி அமர்ந்து, விரலால் சுட்டி, ஒருவர் சொன்னதை மற்றவர் மறுத்துப் பேசிப் பார்க்கின்றனர். பார்த்தல் என்பதைவிடப் பேசுதல் என்பதே அங்கு நிகழ்கிறது.

அகத்திலிருந்து புறத்திற்கு

பிரிட்டிஷ் எழுத்தாளர் ஜான் பெர்ஜர், 1978-இல் எழுதிய கட்டுரையில், தனிப்பட்ட படத்தையும் பொதுப் படத்தையும் வேறுபடுத்துகிறார். தனிப்பட்ட படம் தான் எடுக்கப்பட்ட வாழ்வோடு தொடர்ந்து இணைந்திருக்கிறது. பொதுப் படமோ அச்சூழலிலிருந்து பிரிக்கப்பட்டு, எவரும் எவ்வாறும் பயன்படுத்தத்தக்க பொருளாகிறது என்பது அவர் கருத்து. சமூகவியலாளர் பியர் பூர்தியு 1965-இல் வெளியிட்ட நூல், குடும்பப் படம் எடுத்தல் குடும்ப ஒற்றுமையை உறுதிசெய்யும் சடங்கு என்று விளக்கியது. இவ்விரு கருத்துகளும் பயனுடையனவே. ஆயின் ஒரே இடத்தில் நிலைத்து வாழும் குடும்பத்தையே இவை பெரிதும் முன்வைக்கின்றன.

கெடா தோட்டத் தமிழரின் குடும்பம் அத்தகையதன்று. 1938-இல் இந்திய அரசு தொழிலாளர் குடிபெயர்வைத் தடை செய்தபோது கடலின் இருகரையிலும் குடும்பங்கள் பிரிந்து நின்றன. ஜப்பானியர் ஆட்சியில் பல்லாயிரவர் சயாம்-பர்மா ரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர்; பலர் திரும்பவில்லை. 1950-களிலும் 1960-களிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது லயங்கள் கலைந்தன. 1969-இல் குடியுரிமை இல்லாதோருக்கு வேலை அனுமதி கட்டாயமாக்கப்பட்டபோது பல்லாயிரவர் தமிழகம் திரும்பினர். பிற்காலத்தில் வீட்டுமனைத் திட்டங்களும் செம்பனையும் ரப்பர் தோட்டங்களின் இடத்தைப் பிடித்தன. ஒவ்வொரு பிரிவின்போதும் படங்கள் பங்கிடப்பட்டன. ஒரே படத்தின் ஒரு படி சுங்கை பட்டாணியிலும் மற்றொன்று தஞ்சை மாவட்டத்துச் சிற்றூரிலும் இருத்தல் இயல்பாயிற்று. ஆகவே இப்படங்கள் தோன்றிய நாள்தொட்டே பயணம் செய்பவை. அகத்திற்குரியவையாக இருந்துகொண்டே ஊராருக்கும், சம்பந்தம் பேச வருவோருக்கும், கடல் கடந்தோருக்கும் காட்டப்பட்டவை.

இங்கு அகம், புறம் என்னும் நம் பகுப்பு பெர்ஜரின் பகுப்பைவிட நுட்பமாக உதவுகிறது. அகப்பாடலில் மாந்தர் பெயர் சுட்டப்படுவதில்லை. தலைவன், தலைவி, தோழி, தாய் என உறவே பேசப்படுகிறது. புறப்பாடலில் பெயரும் ஊரும் செயலும் கூறப்படுகின்றன. வீட்டுக்குள் படத்திற்குப் பெயர் தேவையில்லை. 'அம்மா', 'பெரியப்பா', 'அத்தை' என்னும் முறைப்பெயர்களே போதும். அதனாலேயே பெரும்பாலான படங்களின் பின்புறம் எதுவும் எழுதப்படவில்லை. படம் புறத்திற்கு வரும்போது பெயரும் இடமும் ஆண்டும் அதனோடு வர வேண்டும். நடைமுறையில் நிகழ்வதோ வேறு. வீட்டை விட்டு வெளியேறும் படம் முறைப்பெயரை இழக்கிறது, இயற்பெயரையும் பெறுவதில்லை. 'தோட்டத் தொழிலாளர் குடும்பம்' என்னும் குறிப்போடு அது மலரிலோ கண்காட்சியிலோ இடம்பெறுகிறது. நூற்றாண்டுக்கு முன் நிறுவனப் படத்தின் அடியில் எழுதிய குறிப்புக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு சொல்லின் மரியாதை மட்டுமே.

நடுகல்லை எண்ணிப் பார்த்தால் இக்குறை மேலும் விளங்கும். தொல்காப்பியப் புறத்திணையியல் நடுகல்லைத் தேர்ந்தெடுத்து நாட்டும் முறையைப் படிநிலைகளாக வகுத்துள்ளது. இறந்தவரின் உருவத்தோடு அவர் பெயரையும் செயலையும் பொறித்தல் அம்மரபு. உருவம் மட்டும் நினைவைக் காக்காது என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். இராசேந்திர சோழன் 1025-இல் கடாரம் கொண்ட செய்தியைப் பெருமையோடு கற்பிக்கிறோம். மெய்க்கீர்த்தி எழுதி வைத்ததால் அச்செய்தி நமக்குக் கிடைத்தது. அதே கடாரத்து மண்ணில் மரம் வெட்டி வாழ்ந்த பாட்டியின் படத்தின் பின்புறம் ஒரு வரி எழுத நாம் தவறினால், ஆயிரம் ஆண்டுக்கு முந்திய அரசனைப் பற்றி அறிந்த அளவுகூட அவரைப் பற்றி நம் மாணவர் அறியமாட்டார்கள்.

பகிர்தலின் ஒழுங்கு

இன்று பகிர்தல் எளிதாகிவிட்டது. பழைய படத்தைக் கைப்பேசியால் மீண்டும் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் இடுகின்றனர். சிதறிய தோட்டத்து மக்கள் ஒருவரை ஒருவர் கண்டுகொள்ள இது உதவுகிறது என்பதில் ஐயமில்லை. 'இது எங்கள் லயம்', 'இவர் எங்கள் தண்டல்' என்று பலர் சேர்ந்து அடையாளம் காண்பது, படத்தொகுப்பைச் சுற்றி அமர்ந்து பேசியதன் புதிய வடிவமே. ஆயினும் அப்பேச்சு படத்தோடு ஒட்டி நிற்பதில்லை. அச்செயலி படத்தைச் சுருக்கி அனுப்புகிறது. கோப்பில் பதிந்திருக்கும் தேதி முதலிய குறிப்புகளையும் நீக்கிவிடுகிறது. பலமுறை கைமாறிய படம் தெளிவையும் இழக்கிறது, பெயரையும் இழக்கிறது. ஓரங்களை வெட்டி அழகுபடுத்துவோர், மேற்கூறிய காண்டாக் கம்பையும் நிழலையும் முதலில் நீக்குவர் என்பதையும் மறத்தல் கூடாது.

மூலப்படங்களின் நிலையும் கவலைக்குரியது. 1970-களுக்குப் பிந்திய வண்ணப்படங்களின் சாயம் வெப்பத்தாலும் ஒளியாலும் மங்கிச் செந்நிறம் ஏறுகிறது. கறுப்பு வெள்ளைப் படங்களைப் பூஞ்சையும் ஈரமும் தின்கின்றன. பசை தடவிய தாள் கொண்ட தொகுப்புகளில் ஒட்டிய படங்களை உரித்தெடுப்பதே கடினமாகியுள்ளது. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனமும் பிரிட்டிஷ் நூலகத்தின் அழிநிலை ஆவணத் திட்டமும் இணைந்து தமிழக ஸ்டூடியோப் படங்களைத் திரட்டி எண்மப் படிகளாக்கிய பணி நமக்கு வழிகாட்டத்தக்கது. கெடாவில் அப்பணியைத் தொடங்க மிக ஏற்ற இடம் தமிழ்ப்பள்ளி. தோட்டம் அழிந்த பின்னரும் அதன் பெயரைத் தாங்கி நிற்கும் பள்ளிகள் இங்கு உள்ளன. முன்னாள் மாணவர்களுக்கும் அவற்றிற்கும் இடையே தொடர்பும் நம்பிக்கையும் இருக்கின்றன.

ஆசிரியர் மேற்கொள்ளத்தக்க முறைகள் எளியன. மாணவர் வீட்டிலிருந்து ஒரு படத்தைத் தேர்ந்து, அதனை அறிந்த முதியவரோடு அமர்ந்து, அவர் சொல்வதை அவர் மொழியிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். படத்தின் பின்புறம் மென்மையான பென்சிலால் பெயர், இடம், ஏறத்தாழ ஆண்டு ஆகியவற்றை எழுத வேண்டும். பந்துமுனைப் பேனாவின் மையும் அழுத்தமும் படத்தைக் கெடுக்கும். படியெடுக்கும்போது ஓரத்தை வெட்டாமல் முழுத்தாளையும், பின்புறத்தையும் சேர்த்து எடுக்க வேண்டும். உறுதியாகத் தெரிந்ததையும் ஊகித்ததையும் பிரித்துக் குறிக்க வேண்டும். இவற்றிற்கெல்லாம் மேலாக, வெளியிடுமுன் குடும்பத்தின் ஒப்புதலைப் பெற வேண்டும்.

ஒப்புதல் என்பது படிவத்தில் கையொப்பம் பெறுவதோடு முடிவதன்று. எல்லாப் படங்களும் புறத்திற்கு வர வேண்டியவை அல்ல. பிரேதத்தைச் சூழ்ந்து உறவினர் நிற்கும் படம், சடங்கு வீட்டில் எடுத்த படம், பின்னர் முறிந்த திருமணத்தின் படம் ஆகியன குடும்பத்திற்குள் இருப்பதே முறையாகலாம். பார்த் தம் தாயின் குழந்தைப் பருவப் படம் ஒன்றை மையமாக வைத்தே தம் நூலின் இரண்டாம் பகுதியை எழுதினார். எனினும் அப்படத்தை நூலில் அச்சிடவில்லை. பிறருக்கு அது எத்தனையோ படங்களுள் மற்றொன்றாகவே தோன்றும் என்பது அவர் கூறிய காரணம். காட்டாமல் இருப்பதும் பகிர்தலின் ஒழுங்குகளுள் ஒன்றே.

முடிவுரை

கெடா தோட்டப்புறத் தமிழரின் நிழற்படங்களுள் நிறுவனம் எடுத்தவை நிலத்தைக் காட்டி மனிதரை மறைத்தன. ஸ்டூடியோ எடுத்தவை உறவைக் காட்டி நிலத்தை மறைத்தன. அரசு எடுத்தவை முகத்தையும் பெயரையும் மட்டும் கொண்டன. குடும்பத்தாரே லயத்து வாசலில் எடுத்த படங்களில்தான் நிலமும் பொருளும் உறவும் ஒன்றுகூடின. கைத்திறனில் அவை குறைந்தனவாயினும், வாழ்வைச் சொல்லும் வகையில் ஏனையவற்றைவிட உயர்ந்தன என்பது இக்கட்டுரையின் மதிப்பீடு. அதேவேளையில், அவற்றின் பொருள் அவற்றைச் சுட்டிப் பேசுவோரைச் சார்ந்திருப்பதால் மூவகையினும் விரைவில் அழியக்கூடியனவும் அவையே. அடையாள அட்டைப் படத்தின் பெயர் பதிவேட்டில் இருக்கும். வாசற்படியில் எடுத்த படத்தின் பெயர்கள் ஓரிரு முதியவரின் நினைவில் மட்டுமே உள்ளன.

ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்து, அதன் தொழிலை அறிந்த தலைமுறை இன்று முதுமையில் இருக்கிறது. அத்தலைமுறையோடு அமர்ந்து பெயர்களை எழுதிக்கொள்ளும் பணிக்கு நிதியோ கருவியோ முதல் தேவையல்ல. ஒவ்வொரு தமிழ்ப்பள்ளியும் தன் மாணவரைக் கொண்டு ஆண்டுக்கு இருபது படங்களையேனும் இம்முறையில் பதிவு செய்யுமாயின், பத்தாண்டுகளில் கெடா தமிழரின் வரலாற்றை எழுதுவோர்க்கு இன்று இல்லாத சான்றுத் தொகுதி ஒன்று கிடைக்கும். பல்கலைக்கழகத் துறைகள் அதற்கான பதிவுமுறையை வகுத்துத் தருதல் வேண்டும்.